எண்ணிக்கை சரி

எங்கள் மையத்தில் எந்தப் பொருளும் திறந்துவைக்கப்படாமல் பயன்பாட்டுக்கு வராது. மகளிர் கழிப்பறை கட்டி முடித்து எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. டெல்லியிலிருந்து ஓர் இணைச் செயலாளர் வந்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம். அதுவரை எதிரே இருந்த பெட்ரோல் பங்குக்கு நடந்தோம். இப்போது கழிப்பறை வாசலில் கருங்கல்லில் பொன்னெழுத்தில் அவர் பெயர் மின்னுகிறது. குடிநீர் எந்திரத்துக்கு ஒரு கல்வெட்டு, சைக்கிள் கொட்டகைக்கு இரண்டு கல்வெட்டு. கொட்டகை பாதி கட்டும்போது இயக்குநர் மாறிவிட்டார்.

காரைக்குடியிலிருந்து மானகிரி போகும் சாலையில் பெரிய வளைவு ஒன்று தெரியும். மூலக்கூறு உயிரியல் உயராய்வு மையம் என்று எழுதியிருக்கும். நான் அங்கே தட்டச்சர், பெயர் பவுலின். இருபத்திரண்டு வருடமாக இந்த மையத்தின் எல்லாக் கடிதங்களும் என் விரல் வழியாகத்தான் வெளியே போகின்றன. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். ஒன்றையும் தடுக்க முடியாது என்பதும் தெரியும்.

பதினான்காம் எண் அறையில் முனைவர் சத்தியப்பிரியா இருந்தார். டி.என்.ஏ.வில் விழும் பழுதை உடம்பு எப்படிச் சரிசெய்கிறது என்பது அவருடைய பதினோரு வருட ஆராய்ச்சி. ஒரு நாள் கடிதம் தட்டும்போது எனக்கும் விளக்கினார். வெயில் பட்டால் நம் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ. இழை அங்கங்கே கெட்டுப்போகுமாம். உடனே சில புரதங்கள் வந்து கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல துண்டை வைத்து ஒட்டிவிடுமாம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறதாம்.

"யாரு உத்தரவு போடுறது மேடம்?" என்று கேட்டேன்.

"யாரும் போடுறதில்ல பவுலின். கெட்டுப்போனதைப் பாத்த உடனே அதுவா வந்து செய்யும்."

எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது. நான் அரசு ஊழியர்.

அந்தப் புரதங்களில் ஒன்று சரியாக அமையாமல் பிறந்தவன் அஜித். கல்லலில் கடலை போடும் குடும்பத்துப் பிள்ளை. வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். சன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்த ஒரு அறையில் வளர்ந்தான், பொழுது சாய்ந்த பிறகுதான் வாசலுக்கு வருவான். பதினேழு வயதில் தோல் புற்றுநோயில் போனான். போவதற்கு முன்பு அவன் கையிலிருந்து கடுகளவு தோலை எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, விரல்நுனி அளவுள்ள அறுபத்து நான்கு குழாய்களில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்தார் சத்தியப்பிரியா. உண்மையில் திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டியவை அவை. நைட்ரஜன் வாங்கும் ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. புதுப்பிக்கும் கோப்பு என் மேசை வழியாக நான்கு முறை மேலே போய், நான்கு முறையும் கீழே வந்திருக்கிறது.

குழாய்களில் அடைப்பதற்கு முன்பே அந்தச் செல்களில் கொஞ்சத்தைத் தனியாக வளர்த்து, அதில் ஒரு மருந்தைச் சேர்த்தபோது, கோணலாக இருந்த புரதம் கொஞ்சம் நிமிர்ந்து வேலை செய்தது. அதே சோதனையை இன்னும் சில முறை செய்து காட்டினால்தான் உலகம் நம்பும். அதற்கு அந்தச் செல்கள் வேண்டும். அஜித் இல்லாததால் வேறு எங்கும் அவை கிடைக்காது.

அவன் அம்மா ஈஸ்வரி மாதத்துக்கு ஒரு நாள், அவன் இறந்த தேதியில், கல்லலிலிருந்து பஸ் ஏறி வருவார். சத்தியப்பிரியா ஃப்ரீசர் கதவை ஒரு நொடி திறந்து காட்டுவார். வெள்ளைப் புகை குளிராக வந்து முகத்தில் படும். ஈஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "உள்ள உசுரோடதான இருக்கான் டாக்டரம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "அவனோட செல்லு உசுரோட இருக்கும்மா" என்பார் சத்தியப்பிரியா. அது பொய் இல்லை. அந்த அம்மாவுக்கு அது போதுமாகவும் இருந்தது.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் புது ஃப்ரீசர் வந்து இறங்கியது. சத்தியப்பிரியா விண்ணப்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் சந்தோஷமாக ப்ளக்கை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். நிர்வாக அலுவலர் வளன் ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

"என்ன மேடம் பண்றீக? இன்னும் திறப்பு விழா நடக்கல."

விவகாரம் இயக்குநர் தங்கச்சாமியின் அறைக்குப் போனது. குறிப்பெடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். இயக்குநர் பொறுமையாகவே பேசினார்.

"நானும் ஒரு காலத்துல டி.என்.ஏ. பாத்தவன்தாம்மா. இன்னைக்கு இருபத்தாறு குழுவுக்குத் தலைவரா இருக்கேன். ஆராய்ச்சிங்கிறது சின்ன வயசுல வர்ற ஒரு பழக்கம். நீங்க இப்பவே போட்டுட்டா, டெல்லியிலருந்து தலைமை இயக்குநர் வந்து எதைத் திறப்பாரு? திறந்ததையே திறக்கச் சொன்னா அது அவரை ஏமாத்துறது இல்லையா?"

"அவர் எப்ப சார் வர்றாரு?"

"இந்த மாசக் கடைசியில வர்றேன்னுதான் சொன்னாரு. நாமதான் வேண்டாம்னுட்டோம்."

காரணம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் எங்கள் மையம் எதையும் திறப்பதில்லை. விதிப் புத்தகத்தில் ஆடி என்ற சொல்லே கிடையாது. கோப்பில் "நிர்வாகக் காரணங்களால்" என்றுதான் வரும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் எல்லா நிர்வாகக் காரணங்களும் சேர்ந்து வந்துவிடும். விழா ஆவணி இரண்டாம் வாரம், வளர்பிறை, ராகு காலம் கழித்து என்று முடிவானது. நான் அதை "முற்பகல் 10.45 மணி" என்று தட்டினேன்.

"சரி சார். அதுவரைக்கும் பழையதுலயே வச்சிக்கிறேன்" என்றார் சத்தியப்பிரியா.

வளன் இருமினார். பதினான்காம் அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஃப்ரீசர் ஒன்று. புதியது கேட்டைத் தாண்டி உள்ளே வந்த நிமிடமே பழையது உபரி. உபரியை முப்பது நாளுக்குள் ஏலம் விட வேண்டும். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று சத்தியப்பிரியா சொன்னார். ஓடுவது விதியில் ஒரு விஷயமாகச் சொல்லப்படவில்லை என்று வளன் விளக்கினார்.

பக்கத்துத் தாவரப் பிரிவில் ஒரு ஃப்ரீசர் உண்டு. அங்கே இடம் கேட்டுக் கடிதம் போனது. மனித மாதிரியைத் தாவரப் பிரிவில் வைப்பது குறித்துக் கொள்கை முடிவு தேவை என்றும், கொள்கைக் குழு தை மாதம் கூடும் என்றும் பதில் வந்தது. இரண்டு கடிதத்தையும் நான்தான் தட்டினேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி வணக்கம் போட்டேன்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு முந்தின நாள் ஏலம் நடந்தது. காரைக்குடியில் மீன்கடை வைத்திருக்கும் கருத்தையா எடுத்தார். ஊரிலுள்ள பெரிய ஓட்டல்களுக்கெல்லாம் அவர்தான் இறால் போடுகிறவர். லோடு ஆட்டோவோடு வந்து நின்றவரின் முன்னால் சத்தியப்பிரியா கையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நான் சன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே இருப்பதைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் காலி செய்து எங்கே வைப்பது? அஜித்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

கருத்தையா பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தான ஓடுது, எதுக்கு விக்கிறாக?" என்றார் முதலில். பிறகு, "அதுக்கு ஏம்மா கும்புடுறீக? அந்தப் புள்ளையோட சாமான் உள்ளயே இருக்கட்டும். கதவத் திறக்காம அப்படியே கொண்டுபோயி இருபது நிமிசத்துல ப்ளக்கை மாட்டிர்றேன். மேல் தட்டு ரெண்டும் உங்களுக்கு. கீழ்த்தட்டுல என் மீனு. சரிதானா?"

அவ்வளவுதான். படிவம் இல்லை, குழு இல்லை. எனக்கு அன்றைக்கு அந்தப் புரதங்களின் ஞாபகம் வந்தது.

இருபத்தைந்து நாள் அஜித்தின் செல்கள் மீன்கடையில் இருந்தன. மைனஸ் எண்பதில் வைத்த வஞ்சிரம் கருங்கல்லாகிவிட்டது என்றும், கத்தி இறங்காமல் கோடாலி வாங்கியதாகவும் கருத்தையா என்னிடம் புலம்பினார். ஆனால் குளிரைக் குறைக்கவில்லை. "கொறச்சா அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னாக" என்றார். கரண்டு போனால் கடையின் ஜெனரேட்டர் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் ஓடியது. எங்கள் மைய ஜெனரேட்டர் இயக்குநர் அறைக்கும் முன்வாசல் நீரூற்றுக்கும் மட்டும் ஓடும். மாதத் தேதி வந்தபோது ஈஸ்வரி நேராக மீன்கடைக்குப் போனார். கருத்தையா கதவைத் திறந்து காட்டினார். புகை வந்ததாம், குளிர்ந்ததாம்.

இந்த நிலையில் சத்தியப்பிரியா ஒரு தவறு செய்தார். மாத அறிக்கையில் "மாதிரிகள் இருக்கும் இடம்" என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடமாக அதில் "அறை 14" என்று எழுதியவர், இந்த மாதம் உண்மையை எழுதிவிட்டார். நான் தட்டுவதற்கு முன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். "அப்படியே போடுங்க பவுலின், மறைக்க என்ன இருக்கு?" என்றார். விஞ்ஞானிகளுக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க எங்கள் மையத்தில் ஒரு பயிற்சி உண்டு. அவர் அதற்கு விடுப்பு எடுத்திருந்தார்.

மறுநாளே வளன் உள்பட மூன்று பேர் கொண்ட குழு, விசாரணை. அரசுச் சொத்து தனியார் மீன்கடையில். வளன் எழுந்து ஆற்றிய உரையைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

"நான் மீன்கடைக்கு எதிரானவன் அல்ல. அறிவியலுக்கும் எதிரானவன் அல்ல. எனக்கு அறிவியலே தெரியாது. ஆகையால்தான் என்னால் நடுநிலையாக இருக்க முடிகிறது. இந்த அறுபத்து நான்கு குழாய்களும் உயிரோடு இருக்கின்றனவா என்பது இந்தக் குழுவின் கேள்வி அல்ல. அறுபத்து நான்கு இருக்கின்றனவா என்பதே கேள்வி."

இயக்குநர் மேசையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

குழு ஜீப்பில் மீன்கடைக்குப் போனது. கருத்தையா பெரிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸைக் குவித்து வைத்து, "சாமி, இதுக்குள்ளயே வச்சுக் கொண்டுபோங்க, வெளிய எடுக்காதீக" என்றார். அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வழி முழுக்க சத்தியப்பிரியா அந்தப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்தார் என்று டிரைவர் சொன்னார்.

மையத்துக் கூட்ட அறையில் நீள மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. புகைப்படம் தெளிவாக வருவதற்காக. மணி பன்னிரண்டு. நேரடிச் சரிபார்ப்பு தொடங்கியது. ஒவ்வொரு குழாயையும் வெளியே எடுத்து, மேலுள்ள எண்ணை உரக்கப் படித்து, பதிவேட்டில் ஒப்பிட்டு, தனித்தனி உறையில் போட்டு, உறையின் வாயில் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, துணியின் மேல் வரிசையாக அடுக்க வேண்டும். நான் ஓரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், பெட்டிக்குள்ள வச்சே எண்ணுங்க சார்" என்றார் சத்தியப்பிரியா. "இந்தச் சூட்டுல ரெண்டு நிமிசத்துல உருகிரும். உருகி அப்படியே கெடந்தா செத்துரும்."

"விசாரணைக்கு உள்ளானவர் பொருளைத் தொடக் கூடாது மேடம். தள்ளி நில்லுங்க" என்றார் வளன்.

ஏழாவது குழாயில் எண் தெரியவில்லை. உறைபனி மூடியிருந்தது. வளன் அதைக் கைக்குட்டையால் துடைத்து, வாயால் ஊதி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். எண் தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. அதன்பிறகு எல்லாக் குழாயையும் அப்படியே தேய்த்தார்கள். இருபத்து மூன்றாவது குழாயில் உறுப்பினர் ஒருவருக்கு போன் வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். முப்பதாவது முடிந்ததும் டீ வந்தது, கூடவே வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். வெள்ளைத் துணியில் ஈரம் படர ஆரம்பித்தது.

"கரையுது சார்!" என்று சத்தியப்பிரியா கத்தினார். மையத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. "சார், அது ஒரு புள்ள சார். அவன்கிட்டருந்து மிச்சம் இவ்வளவுதான் சார் இருக்கு. காலைப் புடிக்கிறேன், ஐஸுக்குள்ள வைங்க."

வளன் என் பக்கம் திரும்பினார். "கரைவதையும் குறிப்பில் சேர்த்துக்கங்க பவுலின். நாளைக்கு நாம எதையும் மறைச்சதா பேச்சு வரக் கூடாது."

சேர்த்துக்கொண்டேன். "பகல் 1.50: மாதிரிகள் கரைவதாக முனைவர் சத்தியப்பிரியா தெரிவித்தார். குழு பதிவு செய்துகொண்டது."  எழுத்துப்பிழை இல்லாமல் தட்டினேன். எழுந்து அந்த ஐஸ் பெட்டியை மேசைமேல் கவிழ்த்திருக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் இப்போதும் தாங்க முடியவில்லை.

மூன்றேகாலுக்குக் கடைசிக் குழாய். அறுபத்து நான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. இயக்குநரே வந்து கைகொடுத்தார். "எண்ணிக்கை சரி" என்று தட்டி, மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். புது ஃப்ரீசர் ரிப்பனோடு இருந்ததால், உறைகளைப் பண்டக அறையின் இரும்பு பீரோவில் வைத்து அரக்கு முத்திரை இட்டார்கள். "இனிமே யாரும் தொட முடியாது. முழுப் பாதுகாப்பு" என்றார் இயக்குநர். சத்தியப்பிரியா அந்த வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரம் அவர் சேலையிலும் ஏறியிருந்தது.

ஆவணி இரண்டாம் வாரம், வளர்பிறை, 10.45. அரங்க மேடையில் புது ஃப்ரீசர் நின்றது. ஆய்வகம் சின்னது, கூட்டம் கொள்ளாது என்று மேடைக்குத் தூக்கி வந்திருந்தார்கள். வாழைமரம், குத்துவிளக்கு, தேங்காய். மேடையில் இரண்டே ப்ளக் பாயிண்ட்தான், ஒன்று மைக்குக்கு, ஒன்று சீரியல் விளக்குக்கு. ஃப்ரீசரின் ப்ளக்கில் சந்தனம் குங்குமம் வைத்துச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். உள்ளே, பீரோவின் முத்திரையை உடைத்து எடுத்துவந்த அறுபத்து நான்கு உறைகளும் புகைப்படத்துக்காக அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

ஈஸ்வரியைப் பயனாளி என்று அழைத்து, கார் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சத்தியப்பிரியா மூன்று முறை அவர் பக்கம் போனார், மூன்று முறையும் யாரோ குறுக்கே வந்து கையில் தட்டு கொடுத்து அனுப்பினார்கள்.

தலைமை இயக்குநர் ரிப்பனை வெட்டினார். தங்கச்சாமி மைக்கைப் பிடித்தார்.

"ஓர் ஏழைத் தாயின் மகன் இன்று இந்தப் பெட்டிக்குள் உயிரோடு வாழ்கிறான்! மீன்கடையிலிருந்து நாங்கள் அவனை மீட்டெடுத்தோம்! அறுபத்து நான்கில் ஒன்றைக்கூட நாங்கள் இழக்கவில்லை! இந்த வெற்றி விதிகளின் வெற்றி!"

கைதட்டல் அடங்கியதும் ஈஸ்வரியை மேடைக்கு அழைத்துக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். போட்டோக்காரர் தயாராக நின்றார். அந்த அம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கதவை இழுத்தார்.

புகை வரவில்லை. ஈஸ்வரி கண்ணை மூடியபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஓர் உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"குளுரலையே டாக்டரம்மா."

சத்தியப்பிரியா மேடை ஏறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிருச்சும்மா. எல்லாம் போயிருச்சு. என்னால காப்பாத்த முடியல" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. வளன் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். அதன்பிறகு ஈஸ்வரி பேசியது முன்வரிசை வரைக்கும்தான் கேட்டது. நான் முன்வரிசையில் குறிப்பேட்டோடு இருந்தேன்.

"மீன்கடையில நல்லாத்தான இருந்தான்" என்றார். "போன மாசம் பாத்தேனே, பொகை வந்துச்சே. எதுக்கு இங்குட்டுக் கொண்டாந்தீக?"

 அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். இரண்டாவது முறையாகப் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் அழுகை அது. போட்டோக்காரர் எடுத்துக்கொண்டார். தேசியகீதம் போட்டார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம்.

மாலையில் விழா அறிக்கையை நான்தான் தயாரித்தேன். கடைசி வரியில் "பயனாளி கண்ணீர் விட்டார்" என்று தட்டி வைத்தேன். இந்த வேலையில் நான் எழுதிய ஒரே உண்மையான வரி அது. வளன் சார் படித்துப் பார்த்தார். பேனாவைத் திறந்து, "கண்ணீர்" என்பதற்கு முன்னால் பச்சை மையில் "ஆனந்தக்" என்று சேர்த்து, கீழே கையெழுத்திட்டு, சுத்தப்பிரதி எடுத்துவரச் சொன்னார்.

எடுத்துக் கொடுத்தேன். மூன்று நகல்.